அடிக்கடி கால் பிரள்கிறவர்களுக்கு மலையேற்ற ஷூ: எதைப் பார்த்து வாங்குவது?

"கால் அடிக்கடி பிரண்டுடுது தம்பி, மலைக்குப் போக ஒரு ஷூ வேணும்" என்று ராமநாதபுரத்திலோ கீழக்கரையிலோ கேட்டுப் பாருங்கள். கடைக்காரத் தம்பி யோசிக்காமல் ஒன்றை எடுத்து நீட்டுவார். "ஹை நெக் எடுத்துக்கங்க காக்கா, கரண்டையை அப்படியே கவ்விப் பிடிச்சுக்கும்." பெட்டியின் மேலும் 'ஆங்கிள் சப்போர்ட்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். வாங்குகிறவரும் ஷூவின் கழுத்தை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுத்துவிடுவார்.

இந்தப் பேச்சு இப்போது நம் பக்கம் அதிகமாகிவிட்டது. சதுரகிரிக்கு அமாவாசை, பௌர்ணமிக்கு வண்டி கட்டிப் போகிறவர்கள் எப்போதும் உண்டு. 2024-இல் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று அரசு 40 மலைப்பாதைகளை முறையாகத் திறந்துவிட்ட பிறகு, இளவட்டங்களும் சனி ஞாயிறுகளில் கிளம்பிவிடுகிறார்கள். நம்முடையதோ தட்டை நிலம். தொண்டியிலிருந்து சாயல்குடி வரை தேடினாலும் கண்மாய்க் கரையையும் மணல்மேட்டையும் விட்டால் ஏறுவதற்கு ஒன்றும் இல்லை. ராமேஸ்வரத்தின் கந்தமாதன பர்வதம்கூடப் பெயரில்தான் பர்வதம். மணலிலும் தார்ரோட்டிலும் செருப்போடு பழகிய கால், ஒரே நாளில் உருளைக் கற்களின் மேல் ஆறேழு மணி நேரம் நடந்தால் பிரளாமல் என்ன செய்யும்?

ஷூ உதவும். ஆனால் உதவுவது கழுத்து என்று நினைப்பதில்தான் பிசகு. ஷூ வாங்கும்போது கழுத்தின் உயரத்தைக் கடைசியாகப் பார்த்தால் போதும். ஏன் என்று புரிய வேண்டுமானால், முதலில் கால் எப்படிப் பிரள்கிறது என்று தெரிய வேண்டும்.

கால் ஏன் ஒரே பக்கமாகப் பிரள்கிறது?

உட்கார்ந்து உங்கள் கணுக்காலின் இரண்டு பக்கமும் விரலை வையுங்கள். உள்பக்கம் ஒரு முண்டு, வெளிப்பக்கம் ஒரு முண்டு. கவனித்தால் வெளிமுண்டு கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும், உள்முண்டு மேலே நிற்கும். பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பப் பார்த்தால் கீழே இறங்கிய வெளிமுண்டு தடுத்துவிடும். உள்பக்கமாகத் திரும்ப அவ்வளவு தடை இல்லை. அதனால்தான் கால் பிரளும்போது பெரும்பாலும் உள்ளங்கால் உள்நோக்கித் திரும்பி, உடம்பின் பாரம் முழுக்கப் பாதத்தின் வெளி விளிம்பில் விழுகிறது.

எலும்பை எலும்போடு கட்டி வைத்திருக்கும் நாரைத்தான் டாக்டர்கள் லிகமென்ட் என்கிறார்கள்; நாம் ஜவ்வு என்கிறோம். உள்பக்க ஜவ்வு விசிறி போல் விரிந்து தடிமனாக இருக்கும். வெளிப்பக்கம் மெல்லிய மூன்று பட்டைகள்தான். அவற்றிலும் முன்பக்கத்துப் பட்டை மிக மெலிந்தது. கால் பிரண்டால் பெரும்பாலும் முதலில் கிழிவது அதுதான். வெளிமுண்டுக்குச் சற்று முன்னால் வீங்கி நீலம் பாய்வது இதனால்தான்.

கடற்கரை மணலில் ஒரு பந்தல் கால் நட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். அதை நிமிர்த்தி வைப்பவை மூன்று: அடியில் குழி இறுக்கமாக இருப்பது, நாலு பக்கமும் இழுத்துக் கட்டிய கயிறு, காற்று வீசும்போது ஓடி வந்து பிடிக்கிற ஆள். கணுக்காலில் குழியின் இடத்தில் இருப்பது எலும்புகளின் பொருத்தம், கயிற்றின் இடத்தில் ஜவ்வு, ஆளின் இடத்தில் தசை. ஒரு தடவை நன்றாகப் பிரண்ட காலில் கயிறு கொஞ்சம் தொய்ந்துபோகிறது. அப்புறம் சின்னக் காற்றுக்கே கால் ஆடும்.

குழி எப்போதும் ஒரே இறுக்கத்தில் இருப்பதும் இல்லை. கணுக்காலுக்குள் உட்காரும் எலும்பு முன்பக்கம் அகலம், பின்பக்கம் குறுகல். பாதத்தை மேல்நோக்கி மடக்கினால் அகலமான பகுதி பொருத்துக்குள் வந்து கச்சிதமாகப் பிடித்துக்கொள்ளும். விரல்நுனியைக் கீழே நீட்டினால் குறுகலான பகுதி வரும். பொருத்து லொடலொட என்றாகிவிடும். மலையிறங்கும்போது நுனிக்காலை வைத்து இறங்குகிறோமே, அது இந்த லொடலொட நிலைதான். ஏறும்போது விழாதவர்கள் இறங்கும்போது காலைப் பிரட்டிக்கொள்வதற்கு இது ஒரு காரணம், களைப்பு இன்னொரு காரணம்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: கால் பெரும்பாலும் உள்நோக்கித் திரும்பியே பிரள்கிறது; வெளிப்பக்க ஜவ்வு மெலிந்தது; பாதம் கீழே நீண்டிருக்கும்போது ஆபத்து அதிகம்.

பிடிக்க வேண்டிய ஆள் தாமதமாக வருகிறார்

கண்ணை மூடிக்கொண்டாலும் நம் பாதம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று நமக்குத் தெரியும். மூட்டுகளிலும் தசைகளிலும் ஜவ்விலும் இருக்கும் நரம்பு முனைகள் அந்தச் செய்தியை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. இதற்குத் தன்னிலை உணர்வு என்று பெயர். ஜவ்வு கிழியும்போது இந்த நரம்பு முனைகளும் அடிபடுகின்றன. வீக்கம் வற்றி, வலி போய், "சரியாப் போச்சு" என்று நினைக்கும்போதும் செய்தி கொஞ்சம் மந்தமாகத்தான் போகும்.

கால் பிரண்டு முடிவதற்கு ஒரு நொடியில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு நேரமே ஆகிறது. தசை சுதாரித்து இழுப்பதற்குள் காரியம் முடிந்துவிடும். ஆகவே பிரளத் தொடங்கிய காலை நிறுத்துவதைவிட, பிரளும் நிலைக்கே போகாமல் கால் வைப்பதுதான் நடக்கக்கூடிய காரியம். ஷூ தேர்விலும் இதையே மனதில் வைக்க வேண்டும்.

உயரக் கழுத்து என்ன செய்யும், என்ன செய்யாது

கடையில் உயரக் கழுத்து ஷூ ஒன்றைக் கையில் எடுத்து, கழுத்தின் மேல் விளிம்பை ஒரே விரலால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். துணியும் பஞ்சும் வைத்துத் தைத்த கழுத்து அப்படியே மடியும். ஒரு விரலுக்கு மடிவது, அறுபது எழுபது கிலோ பாரம் சரியும்போது எப்படி நிற்கும்? பந்தல் காலைச் சுற்றித் துணி சுற்றினால் அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

1993-இல் அமெரிக்காவில் கல்லூரிக் கூடைப்பந்து ஆடுகிறவர்கள் 600-க்கும் மேற்பட்டோரை வெவ்வேறு வகை ஷூவுக்குப் பிரித்துவிட்டு ஓர் ஆய்வு செய்தார்கள். கழுத்து உயர்ந்த ஷூ போட்டவர்களுக்கும் தாழ்ந்த ஷூ போட்டவர்களுக்கும் இடையே கணுக்கால் சுளுக்கில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் தெரியவில்லை. மைதானம் வேறு, மலை வேறு என்பது சரிதான். ஆனாலும் உயரமே காப்பாற்றிவிடும் என்கிற நம்பிக்கைக்கு அது நல்ல சகுனம் இல்லை.

கணுக்காலை நிஜமாகவே அசையவிடாத பூட்ஸும் உண்டு, பனிச்சறுக்குக்காரர்கள் போடுவது. அதை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைகூட நிம்மதியாக நடக்க முடியாது.

உயரக் கழுத்தே வேண்டாம் என்று சொல்லவரவில்லை. கல் இடித்தால் முண்டு எலும்பு தப்பிக்கும். சீமைக்கருவேல முள்ளும் மணலும் உள்ளே வராது. தோலை ஏதோ ஒன்று தொட்டுக்கொண்டே இருப்பதால் பாதம் எப்படி இருக்கிறது என்கிற உணர்வும் சிலருக்குக் கொஞ்சம் கூடுகிறது. தடித்த தோல் பூட்ஸை இறுக்கிக் கட்டினால் பிரளும் வேகம் சற்றுக் குறையவும் கூடும். இவை சின்னச் சின்ன லாபங்கள். அடிப்பாகம் நன்றாக இருந்து, அதோடு கழுத்தும் இருந்தால் சரி. அடிப்பாகம் சொதப்பலாக இருந்தால் கழுத்து முழங்கால் வரை இருந்தும் பயனில்லை.

குழியை இறுக்குவது: ஷூவின் அடிப்பாகம்

முதலில் குதிகால். ஷூவின் பின்பக்கம் குதிகாலைச் சுற்றி ஒரு கெட்டியான கிண்ணம் போன்ற பகுதி இருக்கும்; அதை ஹீல் கவுன்ட்டர் என்பார்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வைத்து அதை இரண்டு பக்கமும் அழுத்துங்கள். அமுங்கி ஒட்டிக்கொண்டால் அந்த ஷூவை வைத்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள். பிரளும்போது குதிகால் எலும்பும் சேர்ந்து சாய்கிறது. அதை நேராகப் பிடித்து வைத்தால் அதற்கு மேலே இருப்பதும் ஓரளவு நேராக நிற்கும். என் கணக்கில் இதற்குத்தான் முதலிடம்.

அடுத்தது முறுக்கு. ஷூவின் முன்பக்கத்தை ஒரு கையிலும் குதிகாலை மறு கையிலும் பிடித்து, ஈரத்துணி பிழிவதுபோல் முறுக்குங்கள். எளிதாக முறுக்கிக்கொண்டால், கல்லின் மேல் பாதி பாதம் பட்டவுடன் ஷூ கல்லின் சாய்வுக்கே திரும்பி உங்கள் பாதத்தையும் திருப்பிவிடும். முறுக்கு கொடுக்காத ஷூ கல்லின் மேல் பலகை வைத்ததுபோல் நிற்கும். இதற்காகச் சில ஷூக்களில் அடிப்பாகத்துக்குள் பிளாஸ்டிக் அல்லது உலோகத் தகடு ஒன்றை வைத்திருப்பார்கள். அதன் பெயர் ஷேங்க். அப்புறம் ஷூவை நீளவாக்கில் மடக்கிப் பாருங்கள். விரல்கள் மடங்குகிற இடத்தில்தான் அது மடங்க வேண்டும். நட்ட நடுவில் மடங்கினால் அது நடைப்பயிற்சி ஷூ.

மூன்றாவது, தரையிலிருந்து உங்கள் பாதம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது. இதை யாரும் கவனிப்பதில்லை. தடித்த மெத்தை போன்ற சோல் போட்டு நடந்தால் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் உயரம் கூடக்கூட, விளிம்பு சறுக்கும்போது பாதத்தைச் சாய்க்கும் நெம்புவிசையும் கூடும். கால் பிரள்கிறவர்களுக்கு மெத்தை கம்மியாக, தரையில் படும் பகுதி அகலமாக இருக்கும் சோல்தான் நல்லது. ஷூவைத் தரையில் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். மேலே குறுகிக் கீழே விரிந்திருந்தால் நல்லது.

எடையையும் சொல்லியாக வேண்டும். காலில் கட்டிய ஒரு கிலோ, முதுகில் சுமக்கும் ஒரு கிலோவைவிடப் பல மடங்கு களைப்பைத் தரும். களைத்த கால்தான் தடுமாறும். சோலார் பிளான்ட்டிலும் கட்டட வேலையிலும் போடுகிற சேஃப்டி ஷூவை "இதுவும் பூட்ஸ்தானே" என்று மலைக்குப் போட்டுப் போகிறவர்களைப் பார்க்கிறேன். விரல் பக்கம் இருக்கும் இரும்புக் குல்லா கனம் மட்டுமில்லை, இறக்கத்தில் நகத்தையும் பதம் பார்த்துவிடும்.

சோலின் அடியில் ரப்பர் பற்கள் ஆழமாக, இடைவெளியோடு இருக்கட்டும். சறுக்குவதும் பிரள்வதற்கு ஒரு வழிதானே. இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

ஆக, அடிப்பாகத்தில் பார்க்க வேண்டியவை: அமுங்காத குதிகால் கிண்ணம், முறுக்காத நடுப்பகுதி, உயரம் குறைந்து அகலம் கூடிய சோல், கையில் எடுத்தால் லேசான கனம்.

கடையில் காலை உள்ளே விட்ட பிறகு

எவ்வளவு நல்ல ஷூவும் அளவு பொருந்தாவிட்டால் வீண். ஷூவுக்குள் பாதம் தனியாகச் சறுக்கினால், ஷூ நேராக நிற்கும், கால் பிரண்டுவிடும்.

சாயங்காலம் போங்கள். நாள் முழுக்க நின்றும் நடந்தும் பாதம் கொஞ்சம் பெருத்திருக்கும். மலையிலும் அப்படித்தான் பெருக்கும். மலைக்குப் போடப்போகிற அதே தடித்த சாக்ஸை எடுத்துப் போங்கள். கணுக்காலை இறுக்கிப் பிடிக்கும் பட்டையான பிரேஸ் போடுகிறவராக இருந்தால் அதையும்.

நம் பக்கத்து ஆட்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. வெறுங்காலும் செருப்புமாக வளர்ந்தவர்களின் முன்பாதம் அகன்று, விரல்கள் விரிந்திருக்கும். கடையில் தொங்கும் மாடல்கள் பலவும் முன்பக்கம் குறுகலானவை. விரல் நெருக்குகிறதே என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்கினால் முன்பக்கம் சரியாகிவிடும், குதிகால் லூஸாகிவிடும். நமக்கு வேண்டிய பிடிமானமே அங்கேதான் போகிறது. சைஸை ஏற்றாதீர்கள், அதே சைஸில் 'வைடு' கிடைக்குமா என்று கேளுங்கள். உள்ளே இருக்கும் மெல்லிய இன்சோலை வெளியே உருவி, தரையில் போட்டு அதன்மேல் நின்று பார்ப்பது நல்ல வழி. பாதத்தின் ஓரம் அதைத் தாண்டி வழிந்தால் அந்த மாடல் உங்களுக்கானது இல்லை. விரல்நுனிக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் மிச்சம் இருக்க வேண்டும்.

கயிறு கட்டிய பிறகு கடை வாசலுக்குப் போங்கள். பைக் ஏற்றச் சிமென்ட் சரிவு போட்டிருப்பார்கள் இல்லையா, அது போதும். அதில் கீழ்நோக்கி நின்று இரண்டு தடவை குதிகாலால் ஓங்கி மிதியுங்கள். விரல் முன்னால் போய் இடித்தால் வேண்டாம். அடுத்து, சரிவுக்குக் குறுக்கே பக்கவாட்டில் நின்று, ஷூ நகராமல் பாதம் மட்டும் உள்ளே ஓரத்துக்கு வழுக்குகிறதா என்று கவனியுங்கள். கடைசியாக நுனிக்காலில் எம்பிப் பாருங்கள். குதிகால் தூக்கிக்கொண்டு வெளியே வந்தால் அதுவும் வேண்டாம். கடைக்காரத் தம்பி ஒரு மாதிரியாகப் பார்ப்பார். பார்க்கட்டும்.

கயிற்றைக் கட்டுவதிலும் விஷயம் இருக்கிறது

உட்கார்ந்து, குதிகாலைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டிப் பின்னால் ஒட்டவைத்துவிட்டுத்தான் கயிற்றைத் தொட வேண்டும். விரல் பக்கம் கயிறு தளர்வாக இருக்கலாம். பாதம் மேலெழும்பிக் கணுக்காலாக வளையும் இடம் இருக்கிறதே, அங்கேதான் இறுக்கம் வேண்டும். அந்த இடத்தில் கயிறுகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஒரு சுற்றுக்குப் பதில் இரண்டு சுற்றுச் சுற்றி இழுங்கள். இரட்டைச் சுற்று தானாக நழுவாது. கீழே இறுக்கியது இறுக்கியபடியே இருக்கும். அதற்குமேல் உள்ள கொக்கிகளில் மிதமாகக் கட்டினால் போதும்.

இறக்கம் தொடங்குமுன் மறுபடியும் அவிழ்த்துக் கட்டுங்கள். காலையில் சதுரகிரி அடிவாரமான தாணிப்பாறையில் கட்டிய கயிறு மத்தியானம் அதே இறுக்கத்தில் இருக்காது.

உப்புக்காற்றில் ஷூ படும் பாடு

மலைப்பக்கம் இருப்பவர்களைவிட நமக்குக் கூடுதலாக ஒரு தலைவலி. பல மலையேற்ற ஷூக்களில் பாதத்துக்கும் அடி ரப்பருக்கும் நடுவே பாலியூரித்தேன் என்ற நுரைப்பொருள் இருக்கும். காற்றின் ஈரம் அதன் இழைகளை மெல்ல மெல்ல உடைத்துவிடும். நீரால் நேரும் இந்தச் சிதைவுக்கு ஹைட்ராலிசிஸ் என்று பெயர். போடாமல் வைத்திருந்தாலும் இது நடக்கும். பிளாஸ்டிக் கவரில் கட்டிப் பரணில் போட்டால் ஈரம் உள்ளேயே தங்கி இன்னும் மோசம். பார்க்கப் புதிதாகவே இருக்கும். மலையில் பாதி வழியில் அடிப்பாகம் பொடிப்பொடியாக உதிர்ந்து சோல் தனியாகக் கழன்று வரும். கணுக்கால் பலவீனமானவருக்கு அந்த நிலைமை வந்தால் யோசித்துப் பாருங்கள்.

பழைய ஷூவைப் போடுமுன் அந்த நுரைப்பகுதியில் நகத்தால் அழுத்துங்கள். நகம் பதிந்த இடம் மீளாமல் பொடிந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். சலுகை விலை என்று பல வருடம் கடையில் கிடந்த ஜோடியை வாங்குவதிலும் இதே ஆபத்து உண்டு. ஈ.வி.ஏ. என்ற இன்னொரு வகை நுரை இப்படிப் பொடிவதில்லை. நாளடைவில் அமுங்கிப்போகும், அவ்வளவுதான். நம் ஊருக்கு அதையே நான் சிபாரிசு செய்வேன்.

கடற்கரையில் போட்டால் நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் காயவையுங்கள். கயிறு மாட்டும் கொக்கிகளை உப்பு அரித்துவிடும். உள்ளே தண்ணீர் புகாத சவ்வு வைத்த ஷூ நம் வெயிலுக்குத் தேவையில்லை என்பது என் எண்ணம். வியர்வை வெளியே போகாமல் சாக்ஸ் நசநசத்து, பாதம் உள்ளே வழுக்கத் தொடங்கும்.

ஷூவால் ஆகாதது

ஷூவின் கழுத்து செய்யாததை பிரேஸ் ஓரளவு செய்யும். அது குதிகாலுக்கு அடியில் போய்ச் சுற்றி மேலே வந்து காலோடு நேரடியாகக் கட்டப்படுவதால் தொய்ந்த கயிற்றுக்கு மாற்றுக் கயிறு போட்ட மாதிரி வேலை செய்கிறது. 2011-இல் அமெரிக்கப் பள்ளிக் கூடைப்பந்து ஆட்டக்காரர்களிடம் நடந்த ஆய்வில், கயிறு கட்டும் வகை பிரேஸ் போட்டவர்களுக்குக் கணுக்கால் காயம் தெளிவாகவே குறைந்தது. ஏற்கெனவே ஒன்றிரண்டு தடவை மோசமாகப் பிரண்டவர்கள், விலை கூடிய உயரக் கழுத்து பூட்ஸைவிட நடுத்தர ஷூவோடு ஒரு பிரேஸ் வாங்குவது மேல்.

மந்தமான தன்னிலை உணர்வைப் பயிற்சியால் மீட்கலாம். நெதர்லாந்து வாலிபால் ஆட்டக்காரர்களிடம் நடந்து 2004-இல் வெளியான ஆய்வில், ஆடும் பலகையில் நின்று சமநிலைப் பயிற்சி செய்தவர்களில் முன்பு சுளுக்கு வந்திருந்தவர்களுக்கு அது மறுபடி வருவது குறைந்தது. நமக்குப் பலகைகூட வேண்டாம். பல் தேய்க்கும்போது ஒற்றைக்காலில் நில்லுங்கள். பழகியதும் கண்ணை மூடிக்கொண்டு, பக்கத்தில் சுவர் இருக்கட்டும். அரியமான் கடற்கரை மணலில் நடப்பதும் நல்லதுதான். ஆனால் தளர்மணலில் நடக்க இரண்டு மடங்குக்கு மேல் சக்தி செலவாகும். கரையும் கடலை நோக்கிச் சாய்ந்திருப்பதால் ஒரு கால் எப்போதும் சரிவிலேயே இருக்கும். கொஞ்ச தூரம் போய் அதே வழியில் திரும்புங்கள், இரண்டு காலுக்கும் சமமாகிவிடும்.

புதிதாகப் பிரண்ட காலுக்கு ஷூவைத் தேட வேண்டாம். நாலு அடிகூட எடுத்து வைக்க முடியவில்லை, அல்லது முண்டு எலும்பின் பின் விளிம்பையோ பாதத்தின் வெளி ஓரத்து நடு எலும்பையோ அழுத்தினால் உயிர் போகிறது என்றால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். சுளுக்கு எடுக்கிறேன் என்று யாராவது எண்ணெய் போட்டு இழுத்து நீவ வந்தால் விடாதீர்கள். கிழிந்த ஜவ்வை அன்றைக்கே நீவினால் வீக்கம்தான் கூடும்.

ஷூ வாங்கி வந்ததும் வீட்டு டைல்ஸ் தரையில் சாக்ஸோடு ஒரு மணி நேரம் போட்டு நடங்கள், மாடிப்படியில் ஏறி இறங்குங்கள். எங்கேயாவது உறுத்தினால் மறுநாளே பில்லோடு கொண்டுபோங்கள். ஒரு தடவை ரோட்டில் மிதித்துவிட்டால் பெரும்பாலான கடைகளில் திரும்ப எடுக்க மாட்டார்கள்.